மறுகுரல் கொடாத வீடு

லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் எங்கள் தெரு. அதில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்களுக்குப் பக்கத்து வீடு பியற்றிஸ் என்ற வெள்ளைக்கார அம்மாவினது. அதற்கு அங்கால் தவமலரக்காவின் வீடு. மூன்று வீட்டுப் பின்வளவும் பலகை வேலியோடு முடிய, வேலிக்கப்பால் புதர், புதருக்கப்பால் டிராம் பாதை.

பொழுதுபட்டு இருள் கட்டுகிற நேரத்தில் தவமலரக்கா குசினிப் பின்கதவைத் திறந்துகொண்டு படியில் வந்து நிற்பார். மழையென்றாலும் நிற்பார், பனி கொட்டினாலும் நிற்பார். தோளில் கம்பளிச் சால்வை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. வலக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு புதர்ப்பக்கமே பார்த்தபடி நிற்பார். நன்றாக இருண்டபிறகு ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே போவார்.

"மாமி, ஹீட்டிங் எல்லாம் வெளியிலை போகுது" என்று மருமகள் வான்மதி மாடியிலிருந்து சத்தம் வைப்பாள்.

"போகட்டும் பிள்ளை. வெளியிலையும் ஆக்களுக்குக் குளிருந்தானே" என்பார் அக்கா.

பியற்றிஸ் அம்மா இதைப் பல நாள் பார்த்திருக்கிறார். ஒருநாள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, உன் சிநேகிதியின் பூனை என்ன நிறம் என்று கேட்டார். கையில் மீன் அடைத்த ரின் ஒன்றும் இருந்தது. எந்தப் பூனை என்று நான் முழித்தேன். காணாமல்போன பூனைதான், இத்தனை வருஷமாகப் பாவம் அது வருமென்று நிற்கிறாளே, தெருவில் கடதாசி ஒட்டினால் என்ன என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பூனை இல்லை, புருஷன் என்றேன். அந்த அம்மா மீன் ரின்னை உள்ளே கொண்டுபோய்விட்டார். அடுத்த நாள் தவமலரக்கா வீட்டுக்கு ஒரு கேக் போனது.

அந்தப் புருஷன் பெயர் தில்லையம்பலம். அவரைப்பற்றிச் சொல்வதென்றால் கருங்காலிமடுக் காணியைப்பற்றித்தான் சொல்லவேண்டும். அக்காவும் அப்படித்தான் சொல்வார். அவர் முகம் எப்படி என்று கேட்டால் கிணறு வெட்டின கதை சொல்வார். அவர் குணம் எப்படி என்று கேட்டால் சுவர் எழுப்பின கதை சொல்வார்.

அக்கா பிறந்தது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், புகையிலைத் தோட்டக்காரக் குடும்பத்தில். தில்லையம்பலம் அண்ணையின் தகப்பனுடைய நிலம் சகோதரங்களுக்குள் பிரிபட்டு, இவர் பங்குக்கு வந்த துண்டு உடுப்புக் காயப்போடத்தான் காணும் என்று அக்கா சிரிப்பார். அந்தக் காலத்தில் அரசாங்கம் வன்னிக் காட்டை வெட்டிக் குடியிருக்கச் சம்மதிக்கிறவர்களுக்குக் காணி கொடுத்தது. இவர்களுக்குக் கிடைத்தது எல்லைப்புறத்தில், கருங்காலிமடு என்ற இடத்தில். பஸ் ஒரு குளக்கட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டிப்பாதை முடிகிற இடத்தில் இவர்கள் காணி. அதற்கு அங்கால் காடு, காட்டுக்கு அங்கால் சிங்கள ஊர்கள்.

முதலில் எழும்பின கட்டடம் பரண். காட்டு மரத்தில் நாலு கால் நட்டு, ஆள் உயரத்துக்கும் மேலே தடி பரப்பி, இலுக்குப் புல்லால் கூரை போட்டது. யானைக்குப் பயந்து புதுமாப்பிள்ளையும் பொம்பிளையும் அந்த வருஷம் முழுக்க அதிலேதான் படுத்தார்கள்.

"கலியாணம் முடிச்சு எங்கையடி குடியிருக்கிறாயெண்டு ஊர்ச்சனம் கேக்கும்" என்று அக்கா சொல்வார். "மாடியிலையெண்டு சொல்லுவன். பொய்யில்லைத்தானே?"

காடு வெட்டி, எரித்து, வேர் கிளப்பி, முதல் வெள்ளாமை கண்டபிறகு மண்கொட்டில் வந்தது. முதிரைக் கப்பு, மண்சுவர், சாணி மெழுகின நிலம். கிணறு வெட்டத் தொடங்கினால் கல். அண்ணை அலவாங்குக் கம்பியால் இடித்து இடித்துக் கை கொப்பளித்து, தண்ணீர் காணாமல் இரண்டு இடத்தைக் கைவிட்டு, மூன்றாவது இடத்தில் ஊற்றுக் கண்டார். முதல் வாளித் தண்ணீர் சேறு. அதையே இரண்டுபேரும் தலையில் ஊற்றிக்கொண்டார்களாம். பிறகு மாட்டுப்பட்டி. பிறகு கால் வைத்து உயர்த்திக் கட்டின நெல் அறை. மிளகாய்க்கு நல்ல விலை போன வருஷங்களில் சொந்த மண்ணிலேயே கல் அறுத்து, சூளை வைத்துச் சுட்டு, கல்வீடு எழும்பினது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி. பால் காய்ச்சிக் குடிபூரும்போது பின்சுவர் மட்டும் பூசாமல் இருந்தது. வாற போகம் பூசுவம் என்றார் அண்ணை. பிறகு வந்த போகங்களுக்கு வேறு செலவு வந்தது.

கல்வீடு வந்தபிறகும் பரண் போகவில்லை. வயல் காட்டுக்குள் நீள நீள, பரணும் அதோடு நகர்ந்து நகர்ந்து போனது. வயல் முடிகிற இடத்தில், காட்டைப் பார்த்தபடி அது நிற்கும். காவல் நாட்களில் அண்ணை பொழுதுபட அங்கே போய் விடிய வருவார். அக்காவும் மகன் பவித்திரனும் வீட்டில்.

எல்லைப்புறத்தில் குடியிருந்த எல்லாரிடமும் ஒரு வழக்கம் இருந்தது. பரணிலிருக்கிறவர் இருளத் தொடங்கும்போதும் விடியப் புறப்படும்போதும் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார். ஓவென்று நீட்டி, கடைசியில் தாழ்ந்துபோகிற குரல். வீடு அதற்கு மறுகுரல் கொடுக்கவேண்டும். கொடுத்தால் சுகம், வரலாம் என்று அர்த்தம். வீடு பேசாமல் இருந்தால் வரக்கூடாது. முற்றத்தில் யானை நிற்கிறது, அல்லது வேறு ஏதோ நிற்கிறது. அப்போது பரணை விட்டிறங்கிக் காட்டோரமாகப் போய் மறைந்திருக்கவேண்டும். ஆபத்து நீங்கினபிறகு வீடு தானாகக் கூப்பிடும். அதுவரை அசையக்கூடாது. பக்கத்துக் காணிக்காரர் ஒருவர், மனிசி நித்திரையாக்கும் என்று நினைத்து மறுகுரல் இல்லாமல் வந்து, கிணற்றடியில் நின்ற யானையிடம் அகப்பட்டுச் செத்தபிறகு இந்த வழக்கத்தை ஒருவரும் மீறவில்லை.

எண்பத்து நாலாம் ஆண்டு மாரியில் எல்லைக் கிராமங்களை விட்டுச் சனம் ஓடவேண்டி வந்தது. கருங்காலிமடுவுக்கு ஆமிக்காரர் வந்தது விடியற்புறம். அக்கா அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். துவக்கோடு ஆட்கள் முற்றத்தில் நிரம்பி நின்றார்கள். எட்டு வயதுப் பவித்திரன் தாயின் சீலைக்குள் முகத்தை வைத்திருந்தான். அப்போதுதான் பரணிலிருந்து அண்ணையின் குரல் வந்தது, வழமைபோல.

அக்கா வாய் திறக்கவில்லை.

திரும்பவும் குரல் வந்தது. முற்றத்தில் நின்றவர்கள் அது என்ன சத்தமென்று ஆளையாள் பார்த்தார்கள். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு குரல் இல்லை. வழக்கப்படி அண்ணை இறங்கிக் காட்டோரம் போய்விட்டார் என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது. மனிசன் தப்பிவிட்டது என்று நெஞ்சுக்குள் முருகனைக் கும்பிட்டார்.

உடுத்த துணியோடு எல்லாரையும் உழவுமெசின் பெட்டியில் ஏற்றினார்கள். வீடு கூப்பிடாமல் அவர் வெளியே வரமாட்டாரே என்ற நினைப்பு வண்டி அசையும்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. எழும்பி நின்று கூப்பிட வாயெடுத்தார். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "பிள்ளையளைச் சாக்காட்டப் போறியே?" என்று அக்காவின் வாயை இறுக்கிப் பொத்திவிட்டாள்.

அதற்குப்பிறகு அகதி முகாம், யாழ்ப்பாணம், இந்தியா. பவித்திரன் சித்தப்பாவோடு லண்டனுக்கு முன்னால் வந்தான், அக்கா பின்னால் வந்தார். அண்ணையைச் சுட்டுப்போட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். தாடியோடு சந்தையில் கண்டோம் என்று வேறு சிலர் சொன்னார்கள். கண்ணால் கண்டேன் என்று சத்தியம் பண்ண ஒருவரும் இல்லை.

"இஞ்சை பொழுதுபடேக்கை எனக்குக் கேக்குது நிர்மலா" என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். நாங்கள் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தோம். "டிராம் போனாப்போலை ஒரு அமைதி வரும், என்ன? அதுக்குள்ளாலை கேக்கும்."

"அப்ப மறுகுரல் குடுங்கோவன் அக்கா."

"இது என்ரை வீடோ? முற்றத்திலை நிண்டு குடுத்தால்தான் அது வீட்டுக் குரல். இஞ்சையிருந்து கத்தினால் ஆரோ ஒரு பொம்பிளை கத்துறாளெண்டு அந்த மனிசன் இன்னும் உள்ளுக்குப் போயிடும்."

நான் கைப்பையைத் திறந்தேன். திருநீறு எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் அந்த வீட்டில் ஒரு பிரச்சினை எழும்பினது. வான்மதி பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். முதல் இரண்டு முறை தங்கவில்லை, இது மூன்றாவது. ஹவுன்ஸ்லோவில் இருக்கிற அவளுடைய தாய்தகப்பன் வந்து, தகப்பனுக்குச் செய்யவேண்டிய கிரியை செய்யாமல் கிடக்கிறது, பிள்ளை எப்படித் தங்கும் என்று நேரேயே கேட்டுவிட்டார்கள். நானும் தேத்தண்ணியோடு அங்கே இருந்தேன்.

"அம்மா, இருபது வருஷமாகப் போகுது" என்றான் பவித்திரன். "கோயில் ஐயாவோடை கதைச்சிட்டன். ஆள் கிடைக்காட்டில் தர்ப்பையாலை உருவம் செய்து செய்யலாமாம்."

"செத்தவருக்குச் செய்யலாம்."

"அப்ப அப்பா உயிரோடை இருக்கிறாரெண்டு சொல்லுறியளோ?"

"அதையும் நான் சொல்லேல்லை. உயிரோ பிரேதமோ, அந்த மனிசன் வீட்டுக்கு வாறதுக்கு வழியில்லாமல் காட்டோரத்திலை நிக்குது. வீட்டுக்கு வராத ஆளை எந்த வாசலாலை தம்பி நான் அனுப்புறது?"

வான்மதி அழத் தொடங்கினாள். "மாமி, எனக்கு இந்தப் பிள்ளை வேணும் மாமி" என்றாள். அக்கா எழும்பிப்போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார். "இப்ப சண்டை இல்லையெண்டுதானே சொல்லுறாங்கள். அந்த முற்றத்திலை நிண்டு ஒருக்கால் கூப்பிடவேணும். அது நடந்திட்டுதெண்டால் அடுத்த நாளே கிரியையைச் செய். நான் தாலியைக் கழட்டித் தாறன்."

அக்காவால் போக ஏலாது. நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்து ஒருசில மாதமும் ஆகவில்லை, டொக்டர் பிளேன் ஏறக்கூடாதென்று சொல்லியிருந்தார். பவித்திரன்தான் லீவு போட்டுப் போவதாக முடிவானது. ஆனால் கூப்பிடுகிறது வீட்டுக்காரி குரலாக இருக்கவேண்டும். அதற்கு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு காலை, வான்மதி வேலைக்குப் போனபிறகு, சால்வைக்குள் கசெற் ரெக்கோடரை மறைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உன்ரை வீட்டிலை வைச்சுப் பிடிப்பம். அங்கை பிடிச்சால் மருமோள் நாளைக்குப் போட்டுக் கேட்டுச் சிரிப்பாள்."

நான் வாஷிங் மெசினை நிறுத்தினேன். யன்னல் எல்லாம் சாத்தினேன். தேவாரம் பதிந்த ஒரு பழைய கசெற்றைத்தான் கொண்டுவந்திருந்தார். முருகா பொறுத்துக்கொள் என்று சொல்லிப் பொத்தானை அமத்தினேன். அக்கா குசினி நடுவில் எழும்பி நின்றார். சால்வையை இடுப்பில் சுற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. என்னோடு மெல்லக் கதைக்கிற மனிசியின் குரல் அல்ல அது. வயல் தாண்டிப் போகிற குரல். அலுமாரிக்குள் கிளாசுகள் அதிர்ந்தன. சுவருக்கு அங்கால் பியற்றிஸ் அம்மாவின் ரேடியோ சட்டென்று நின்றது.

பதிந்ததைப் போட்டுப் பார்த்தோம். கேட்டதும் அக்கா முகத்தை மூடிக்கொண்டார். "அந்த நேரம் தொண்டைக்குள்ளை நிண்டது இதுதான்" என்றார்.

பங்குனி மாதம் பவித்திரன் போனான். இரண்டு கிழமைக்குப்பிறகு திரும்பி வந்த அன்று, வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு நேரே என் கதவைத் தட்டினான். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது.

"அன்ரி, அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லை. முதல் உங்களுக்குச் சொல்லுறன்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை. சொல்லத் தொடங்கினான்.

வழியில் காவலரணில் ரெக்கோடரை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். திரும்பி வரும்போது எடுக்கச் சொன்னார்களாம். குளக்கட்டடியில் ஞானரட்ணம் என்ற வயதானவர் ஒருவர் துணைக்கு வந்திருக்கிறார். மாடு மேய்க்கிறவர். கண்ணிவெடி இல்லாத மாட்டுப்பாதை அவருக்குத் தெரியும். இரண்டுபேரும் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்து காணிக்குப் போயிருக்கிறார்கள்.

வயல் இல்லை. எல்லாம் திரும்பக் காடாகிவிட்டது. கிணறு தூர்ந்து ஒரு பள்ளமாகக் கிடக்கிறது. நெல் அறை இருந்த இடத்தில் அதைத் தாங்கின கற்கள் மட்டும். மாட்டுப்பட்டி இருந்ததற்கு அடையாளமே இல்லை. கல்வீட்டின் ஓடு, மரம், நிலை, யன்னல் எல்லாம் ஆரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முன்சுவர் விழுந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு பாலை மரம் கூரை இருந்த உயரத்துக்கும் மேலே வளர்ந்து நிற்கிறது. பூசாத பின்சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

"ரெக்கோடர் இல்லை. திரும்பிப் போவமெண்டுதான் நினைச்சன் அன்ரி. பிறகு வான்மதியை நினைச்சன். முற்றம் இருந்த இடத்திலை நிண்டு நானே கூப்பிட்டன். எனக்கு வராதெண்டு நினைச்சன். சின்னனிலை அம்மா சமைச்சுக்கொண்டிருந்தால் நான்தானே மறுகுரல் குடுக்கிறது, அது வாய்க்குள்ளையே இருந்திருக்கு. கூப்பிட்டவுடனை காட்டிலை குருவிச் சத்தமெல்லாம் நிண்டுபோச்சு."

"பிறகு?"

"ஒண்டுமில்லை. காத்துக்கொண்டு நிண்டம். ஒரு மறுமொழியும் இல்லை. அதைத்தான் அம்மாவிட்டை எப்பிடிச் சொல்லுறது? இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறா."

பிறகு வேறு ஏதோ நினைவு வந்தவன்போலச் சொன்னான். "திரும்பி வரேக்கை அந்த ஞானரட்ணம் அண்ணை ஒரு மாதிரி அன்ரி. போகேக்கை முன்னாலை போனவர், வரேக்கை என்னை முன்னாலை விட்டார். ஒருக்கால் நான் திரும்பப் பாக்க, 'தம்பி, பின்னாலை பாராதையும். பாதையைப் பாத்து நடவும்' எண்டு அதட்டினார். குளக்கட்டுக்கு வந்தாப்பிறகு எனக்குக் கைகூடத் தரேல்லை. மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போயிட்டார்."

நானும் அவனோடு அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் கத்தியை வைத்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை. "கூப்பிட்டனியோ?" என்றார்.

"ஓம் அம்மா. ரெக்கோடரைப் பறிச்சுப்போட்டாங்கள். நான்தான் கூப்பிட்டனான்."

"முற்றத்திலை நிண்டோ?"

"முற்றத்திலை நிண்டுதான்." பவித்திரன் தாயின் கையைப் பிடித்தான். "அம்மா, மறுமொழி ஒண்டும் வரேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு சத்தமும் இல்லை."

அக்கா அழுவார் என்று நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா அழவில்லை. மகனின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"எடேய், மறுமொழி எப்பிடியடா வரும்? வீடு முதல் கூப்பிட்டால் காவல்காரன் வாய் திறக்கிறேல்லை. யானை விலத்திப் போயிருக்கும், ஆனால் தூரப் போயிருக்காது. சத்தம் போட்டால் அது திரும்பும். கூப்பிட்டது கேட்டவுடனை பேசாமல் இறங்கி நடந்து வாறதுதான் முறை. நீ சின்னப்பிள்ளை, உனக்கு அது தெரியாது."

பவித்திரன் என்னைப் பார்த்தான். ஞானரட்ணம் என்பவரைப்பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"அப்ப நாளைக்கு ஐயாவிட்டைப் போகட்டோ அம்மா?" என்று கேட்டான்.

"பொறு. நீ பிளேனிலை வந்தனி. அவர் நடந்தெல்லோ வரவேணும்" என்றார் அக்கா. வெட்டின மரக்கறியைச் சட்டியில் போட்டார்.

அந்தக் கிழமை நான் அந்த வீட்டுக்குப் போகப் பயந்தேன். உண்மையைச் சொல்கிறேன். கோயிலில் அருச்சனை செய்து, விபூதி கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை விரத நாள். அக்காவுக்குக் கோயில் பிரசாதம் கொடுக்கவேண்டும், கொடுக்காமல் விட மனம் கேட்கவில்லை. பொழுதுபடுகிற நேரம் போனேன். அக்கா பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு அடுப்படியில் நின்றார். அன்று வாசலில் போய் நிற்கவில்லை. கை வாயில் இல்லை. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்கென்றுதான் நான் நினைத்தேன்.

"இரு நிர்மலா" என்றார். "உனக்குப் பிறகு ஊத்துறன்."

டிராம் ஒன்று போனது. அது போன பிறகு பின்வளவில் ஒரு அமைதி வந்தது. நான் சிவபுராணத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றையும் காணவில்லை. ஒன்றையும் கேட்கவும் இல்லை. இதை என்னிடம் ஆர் கேட்டாலும் சொல்வேன்.

மாடிப்படியில் வான்மதியின் காலடி கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள். குசினி வாசலில் நின்று எங்கள் இரண்டுபேரையும் பார்த்தாள். பிறகு பின்கதவைப் பார்த்தாள்.

"ஆர் மாமி வந்தது?"

"ஏன் பிள்ளை?"

"மேல் யன்னல் திறந்துகிடந்தது. பின்படியிலை ஆரோ காலைத் தட்டினவை. சப்பாத்திலை சேறெண்டால் தட்டுவினமெல்லோ, அப்பிடி. பவி இன்னும் வரேல்லைத்தானே?"

அக்கா தேத்தண்ணியைக் கொண்டுபோய் மேசையில், வாசலைப் பார்த்த கதிரைக்கு முன்னால் வைத்தார். "உள்ளுக்கு வாங்கோ" என்றார். எங்களுக்குச் சொன்னதல்ல. மரியாதையான, கொஞ்சம் கோபமான குரல். அடுப்படியில் நிற்கிற பெண்சாதி நேரம் பிந்தி வருகிற மனிசனுக்குச் சொல்கிற குரல். "இவ்வளவு நேரமோ? ஆறப்போகுது, குடியுங்கோ."

வான்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் என் தோலில் பதிந்தது. இரண்டுபேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து, மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருந்தார். தேத்தண்ணியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அக்கா இருந்தார். பிறகு வான்மதியைக் கூப்பிட்டு, அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "இவள்தான் மருமோள்" என்றார் கதிரையைப் பார்த்து. "வயித்திலை உங்கடை பேரப்பிள்ளை."

வான்மதி ஓடிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் ஓடவில்லை. கதிரைப் பக்கம் குனிந்து கும்பிட்டாள்.

அடுத்த நாள் காலை அக்கா மகனைக் கூப்பிட்டு ஐயாவிடம் போவம் என்றார். வான்மதியையும் என்னையும் வரச் சொன்னார். ஐயா பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இறந்த திதி தெரியாதபடியால் ஆடி அமாவாசையில் வைக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

"தெரியும் ஐயா" என்றார் அக்கா.

"எப்ப மோசம் போனவர் அம்மா?"

"நேற்றுச் செவ்வாய்க்கிழமை. பொழுதுபடேக்கை."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். பவித்திரனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்னைப் பார்த்தார். நான் வான்மதியைப் பார்த்தேன்.

"ஓம் ஐயா" என்றாள் வான்மதி. "நான் வீட்டிலைதான் நிண்டனான்."

ஐயா நல்ல மனிசன். வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தில் அந்தத் திதியைத் தேடினார். பிறகு, சங்கற்பத்தில் சொல்ல எந்த ஊரென்று கேட்டார்.

"இஞ்சைதான் ஐயா" என்றார் தவமலரக்கா. கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தாலிக்கொடியின் கொழுக்கியைக் கழற்றத் தொடங்கினார். அது உடனே கழலவில்லை. "மிச்சத்திலை. எங்கடை வீட்டிலை."